ஈனியாஸ் முன்னால் நடந்தான்

ஜனவரி 11

கொலோசியத்துக்கு முன்னால் வைத்து இன்று என் மானம் கப்பலேறியது.

சூரிச்சிலிருந்து வந்து எங்கள் ஹோட்டலில் தங்கியிருந்த இரண்டு தமிழ்ச் சோடிகள், "அக்கா, நீங்கள் இஞ்ச கன காலமா இருக்கிறனீங்கள்தானே, ஒருக்கால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோவன்" என்று கேட்டார்கள். காலைச் சாப்பாட்டு வேலை முடிந்த கையோடு கூட்டிப் போனேன். ஓநாய் பால் கொடுத்த கதையை நல்ல சூட்டோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு சுற்றுலா வழிகாட்டி வந்து, "உங்கள் அனுமதி அட்டை எங்கே?" என்றார். இவர்கள் என் சொந்தக்காரர் என்றேன். "அப்படியா? இவருடைய பெயர் என்ன?" என்று ஒருவரைக் காட்டிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலையில் அவருக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தது மட்டும்தான் தெரியும்.

பதினொரு வருடமாக இந்தச் சனத்துக்குக் காலைச் சாப்பாடு கொடுத்து ரோமைப் பார்க்க அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஜூன் முடிய ஹோட்டல் குசினியை மூடப்போகிறார்களாம். அதற்குப் பிறகு திரும்பவும் மாடிப்படி துடைக்கப் போக என்னால் ஏலாது. எனக்கும் அந்த அட்டை வேண்டும்.

ஜனவரி 13

வழிகாட்டிச் சோதனைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பெயர் ஜெயரூபி, வயது நாற்பத்துநான்கு, பிறந்த நாடு இலங்கை. மூன்று படிகள் தாண்ட வேண்டும். முதலில் எழுத்து, பிறகு வாய்மொழி, கடைசியில் சோதனையாளர்களையே ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு நடந்து கதை சொல்லிக் காட்ட வேண்டும். எனக்கு வந்த தலைப்பு, ரோமர்களின் தோற்றம் பற்றிய பழங்கதைகள்.

என் கணவர் யோகநாதன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "வன்னியில பிறந்தவள் ரோமாபுரிக்காரனுக்கு அவன்ர கொப்பாட்டன் கதை சொல்லப்போறாளாம்!"

"அவன்ர கொப்பாட்டனும் அகதிதான். அகதியின்ர கதை எனக்குத் தெரியாட்டில் ஆருக்குத் தெரியும்?" என்றேன். மனிசன் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

ஜனவரி 25

ரோமர் தங்கள் பூர்வீகத்துக்கு இரண்டு கதை வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்தது பிந்திய கதை. போர்த்தெய்வம் மார்ஸுக்குப் பிறந்த இரட்டையர் ரொமுலஸ், ரெமுஸ். ஆற்றில் விடப்பட்டு, ஓநாய் பாலூட்டி, இடையன் எடுத்து வளர்த்த பிள்ளைகள். அதற்கு முந்திய கதை அவர்களின் மூதாதை ஈனியாஸுடையது. ட்ரோய் நகரம் எரிந்த இரவில் தகப்பனைத் தோளில் சுமந்து, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, கப்பலேறி இத்தாலிக்கு வந்து சேர்ந்தவன். அவனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். எங்களை வரிசையில் நிற்க வைத்து விரல் அடையாளம் எடுக்கிறார்கள்.

எல்லாம் சரி, அவனுடைய மனைவி கிரியூசா எங்கே? "நீ கொஞ்சம் தள்ளிப் பின்னால் வா" என்று அவளுக்குச் சொன்னானாம். ஊருக்கு வெளியே எல்லோரும் சந்திக்கும் இடத்துக்கு வந்து பார்த்தால் அவள் இல்லை. வழியில் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். இவனும் ஒரு வீரனாம்! கொதி வந்து புத்தகத்தை மூடிவிட்டுப் போய் மீன் வெட்டினேன்.

பெப்ரவரி 1

இந்தக் கதை பிடித்திருக்கிறது. ஈனியாஸின் ஆட்களுக்கு ஒரு சாபம். பசி தாங்காமல் சாப்பாட்டு மேசையையே தின்னும் நாள் வரும், அங்கேதான் உங்களுக்கு ஊர் கிடைக்கும் என்று. பாவங்கள் நடுங்கிக்கொண்டு திரிந்தார்கள். இத்தாலியில் இறங்கியதும் தட்டில்லாமல் ரொட்டியின் மேல் பழங்களை வைத்துச் சாப்பிட்டார்கள். பசி அடங்காமல் ரொட்டியையும் தின்றார்கள். அப்போது ஈனியாஸின் மகன், "ஐயோ, மேசையையும் தின்றுவிட்டோம்" என்று பகிடி விட்டானாம். சாபம் பகிடியாகப் போய்விட்டது.

இன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பூ ரொட்டி சுட்டு, அதன்மேலேயே சம்பலும் மீன் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். கோப்பை, தட்டு ஒன்றும் இல்லை. யோகநாதன் ஏன் என்று கேட்டார். கதையைச் சொன்னேன். "கோப்பை கழுவப் பஞ்சியில ஒரு கதை" என்றார்.

பெப்ரவரி 8

மகள் யாழிசை எனக்கு மாதிரி வினாத்தாள் திருத்துகிறாள். தாதிப் படிப்புப் படிக்கிறவள், சிவப்புப் பேனையை ஊசி மாதிரிப் பிடிக்கிறாள். நாற்பதுக்கு முப்பத்தாறு.

"அம்மா, இதே கேள்வி மூண்டாம் தரமும் பிழை. கிரியூசாவுக்கு என்ன நடந்தது? நாலு விடை தந்திருக்கிறாங்கள். மூண்டாவதுதான் சரி, தப்பி ஓடேக்க இறந்தார் எண்டு. நீங்கள் என்ன செய்திருக்கிறீங்கள் எண்டு பாருங்கோ."

நான் ஐந்தாவதாக ஒரு கட்டம் கீறி, காணாமல் போனார் என்று எழுதிப் புள்ளடி போட்டிருந்தேன்.

"உப்பிடி விடையே இல்லையம்மா."

கவனக்குறைவு என்றேன். யாழி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். நாளைக்குச் சரியாகச் செய்வேன்.

பெப்ரவரி 9

திரும்பவும் கட்டம் கீறிவிட்டேன்.

பெப்ரவரி 16

வவுனியாவிலிருந்து தம்பி குகன் போன் எடுத்தான். அம்மா அவனோடுதான் இருக்கிறா. சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"பெரியக்கா, சின்னக்கான்ர மரணக் கடதாசி. மற்ற வீட்டுக்காரர் எல்லாரும் எடுத்திட்டினம். நீங்களும் ஒரு கையெழுத்து வைச்சால் எடுத்திடலாம். அம்மாவை ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரா ஏத்தி இறக்க எனக்கு ஏலாமல் கிடக்கு. பாவம், அவ படத்தை மடியில வைச்சுக்கொண்டு பஸ்ஸில வாறதைப் பாத்தால்..."

"சோதனை முடியட்டும். பேந்து கதைப்பம்."

"உங்களுக்குச் சோதனை. எங்களுக்கும் இது சோதனைதான், பெரியக்கா."

அவனில் பிழை இல்லை. இன்று குசினிக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் இரண்டு தரம் துடைத்தேன்.

மார்ச் 9

எழுத்துச் சோதனை பாஸ்! முந்நூற்றுச் சொச்சம் பேர் எழுதினார்கள், அறுபத்திரண்டு பேர் தேறியிருக்கிறோம். கிரியூசா கேள்வி வரவேயில்லை. தப்பினார்கள்.

குசினியில் நின்று கத்திய கத்தில் முகாமையாளர் எண்ணெய் கொட்டிவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார். யோகநாதன் வேலை செய்யும் உணவகத்திலிருந்து ஒரு கேக் வந்தது. மேலே கிறீமில் ஓர் ஓநாய் வரையச் சொன்னாராம். வந்ததைப் பார்த்தால் பூனை. பரவாயில்லை, பூனையும் பாலோடு சம்பந்தப்பட்டதுதான்.

மார்ச் 21

என்னோடு தேறியவர்களில் ஃபெதெரிகா என்ற பெண்ணோடு சேர்ந்து நடைப் பயிற்சி. ரோமிலேயே பிறந்தவள், முப்பது வயது. இரண்டு தரம் இந்தச் சோதனையின் கடைசிப் படியில் வழுக்கியவள். ஆனால் மனம் நல்லது. அவளுடைய சிநேகிதர் ஆறு பேரைச் சுற்றுலாப் பயணிகளாக்கி பலத்தீனோ குன்றுக்கு ஏறினோம். ரொமுலஸ் குடிசை கட்டிய இடம் என்று இவர்கள் காட்டும் குன்று அது.

இறங்கியதும் ஃபெதெரிகா தலையில் கை வைத்தாள். "ரூபி, கதை சொல்லும்போது நீ ராணி. ஆனால் ஏன் எல்லோருக்கும் பின்னால் நடக்கிறாய்? வழிகாட்டி என்றால் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். இதற்கே தனியாகப் புள்ளி இருக்கிறது!"

முன்னால் போனால் ஆட்களை எண்ண முடியாது என்றேன். அடிக்கடி திரும்பிப் பார்த்தால் போதும் என்றாள். சரி என்று முன்னால் போய்ப் பார்த்தேன். பதினைந்து அடி. பிடரி குளிர்ந்து, கால் மரக்கட்டையாகிவிட்டது. சப்பாத்து கடிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 29

புதுச் சப்பாத்து வாங்கினேன். அதிலும் ஏலவில்லை.

ஏப்ரல் 2

வாய்மொழிச் சோதனை. மூன்று சோதனையாளர்கள். நடுவில் பேராசிரியர் மொரெத்தி, எழுபது வயது இருக்கும். கதிரையில் ஒரு ஊன்றுகோல் சாத்தியிருந்தது. பக்கத்தில் பியாங்கி என்ற இளைஞர், பேனையைத் தட்டிக்கொண்டே இருப்பவர். மூன்றாமவர் வாயே திறக்கவில்லை.

பியாங்கி கேட்டார்: "தம்பி ரெமுஸ் மதிலைத் தாண்டிக் குதித்ததற்காக ரொமுலஸ் அவனைக் கொன்றான். இவ்வளவு சின்னக் காரணத்துக்கு ஒரு கொலை. இதைப் பயணிகள் நம்பும்படி எப்படி விளங்கப்படுத்துவீர்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, எங்கள் பக்கத்தில் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதற்காகக் கூடப்பிறந்தவர்கள் முப்பது வருடம் முகம் பாராமல் இருப்பார்கள். செத்த வீட்டுக்கும் வரமாட்டார்கள். எல்லை கீறுகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. முதல் நாளே ஒருவன் பகிடிக்குத் தாண்டினால், நாளைக்குப் பகைவன் உண்மையாகத் தாண்டுவான் என்று அவனுக்குப் பயம். அதோடு, கழுகு பார்த்துச் சகுனம் கேட்டதில் ரெமுஸுக்கு ஆறு, ரொமுலஸுக்குப் பன்னிரண்டு. ஆறு முதலில் வந்தது என்று ஒருவன், பன்னிரண்டுதான் பெரிது என்று மற்றவன். அண்ணன் தம்பி சண்டையில் மதில் கடைசிக் காரணம், முதல் காரணம் இல்லை."

மொரெத்தி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். வெளியே வரும்போதே தெரியும், நான் பாஸ். பின்னேரம் பட்டியல் வந்தது. இருபத்தொரு பேரில் நானும் ஃபெதெரிகாவும் இருக்கிறோம். கடைசிச் சோதனை ஏப்ரல் 21. அது ரோமின் பிறந்தநாள். ரொமுலஸ் நகரத்துக்கு எல்லை கீறினதாகச் சொல்லப்படும் நாள்.

தேதியைப் பார்த்ததும் பட்டியலை மூடிவிட்டுப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். பசியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 14

சித்திரைப் புத்தாண்டு. பால் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று யோகநாதன் சொன்னார். அடுப்பைத் துடைத்தது நான்.

ஏப்ரல் 20

விளக்குக் கொளுத்தவில்லை. கொளுத்துகிற வழக்கமும் இல்லை.

ஏப்ரல் 21

எழுத வேண்டியது நிறைய.

காலை பத்து மணிக்குக் குன்றடியில் கூடினோம். எங்கள் குழுவில் சோதனையாளர் மூன்று பேர், சோதனைக்கு வந்தவர்கள் ஆறு பேர். ஒருவர் கதை சொல்ல மற்ற எட்டுப் பேரும் பயணிகளாக நடக்க வேண்டும். இந்த நாளில் சோதனை வைக்க எந்தப் புத்திசாலிக்குத் தோன்றியதோ தெரியாது. பிறந்தநாளுக்காக வாளும் கேடயமும் செம்புத் தொப்பியும் போட்ட நூற்றுக்கணக்கான ஆட்கள் மேளம் அடித்துக்கொண்டு எல்லாப் பாதையாலும் போகிறார்கள். அவர்களைப் படம் எடுக்க ஆயிரம் பேர்.

முதலாவதாக மிலானோவிலிருந்து வந்த ஒருவர். உயர்ந்த மனிதர், உயர்ந்த கொடி, படையெடுப்பது போல நடந்தார். மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது எட்டுப் பேரில் நாலு பேர்தான் நின்றோம். பேராசிரியர் மொரெத்தியைக் காணவில்லை. கடைசியில் இரண்டு போர்வீரர்களுக்கு நடுவே ஒரு கல்லில் குந்தியிருந்தார். முழங்கால் வருத்தம்.

அடுத்தது நான். கொடியைக் கையில் தந்தார்கள். ஃபெதெரிகா கண்ணால் முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ என்று கெஞ்சினாள். இரண்டடி போனேன். பிடரி குளிர்ந்தது. கொடியைக் கொண்டுபோய் ஃபெதெரிகாவின் கையில் கொடுத்துவிட்டேன்.

"அந்தக் குடைபோன்ற பைன் மரம் தெரிகிறதா? ஃபெதெரிகா முன்னால் போவார். எல்லோரும் அந்த நிழலில் நில்லுங்கள். கடைசி ஆளோடு நான் வருவேன். நான் வந்த பிறகுதான் கதை" என்றேன்.

அப்படியே மரம் மரமாக, கல் கல்லாக ஏறினோம். மொரெத்தியின் வேகத்துக்கு நான் நடந்தேன். மேளக்காரர் எங்களை இரண்டாகப் பிளந்தபோதும் அந்தந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்தார்கள். ஓநாயின் குகை இருந்ததாகச் சொல்லப்படும் பக்கத்தில் நின்று இரட்டையரின் கதை சொன்னேன். கூடை அத்திமரத்தடியில் ஒதுங்கியதையும், ஓநாய் பால் கொடுத்ததையும், மரங்கொத்தி இரை கொண்டுவந்து ஊட்டியதையும். போர்வீரர் வேடம் போட்ட ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார்! ரொமுலஸின் குடிசை வாசலில் இன்னும் பழைய கதைக்குப் போய், ஈனியாஸைத் தொடங்கினேன். எரியும் நகரம், தோளில் தகப்பன், கையில் மகன்.

பியாங்கி பேனையைத் தட்டினார். "ஒரு கேள்வி. வழிகாட்டி என்பவர் முன்னால் நடக்க வேண்டும். நீங்கள் ஏன் பின்னால் நடந்தீர்கள்?"

யோசிக்கவேயில்லை, வாயில் வந்துவிட்டது. "ஈனியாஸ் முன்னால் நடந்தான். அதனால்தான்."

பியாங்கி அதை எழுதிக்கொண்டார். மேளம் எட்டத்தில் போய்விட்டது.

மொரெத்தி மெதுவாகக் கேட்டார்: "மனைவி கிரியூசாவைச் சொல்கிறீர்கள். அவள் இறந்துபோனாள், சரிதானே?"

"கதை அப்படிச் சொல்லவில்லை, பேராசிரியர்" என்றேன். "சந்திக்கும் இடத்துக்கு வந்து ஆட்களைப் பார்க்கிறான், அவள் இல்லை. தனியாகத் திரும்பி ஓடுகிறான். எரிகிற தெருவெல்லாம் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்துகிறான். அப்போது அவளைப் போல, அவளை விடப் பெரிதாக ஓர் உருவம் வந்து, தெய்வங்களின் தாய் என்னை இந்த மண்ணிலேயே வைத்திருக்கிறாள், நீ போ என்கிறது. அவ்வளவுதான். யார் கொன்றார்கள், எங்கே, எப்போது, ஒன்றும் இல்லை. உடலை ஒருவரும் காணவில்லை. உருவத்தைக் கண்டேன் என்று சொன்னவனும் அவன்தான், வேறு சாட்சி கிடையாது."

"அப்படியானால் அவளை என்னவென்று எழுதுவீர்கள்?"

"காணாமல் போனவர்."

பேராசிரியர் தலையாட்டிவிட்டு, "முப்பது வருடமாக மாணவர்களுக்கு இறந்தாள் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். இன்று வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தை மறுபடி வாசிப்பேன்" என்றார். இறங்கும்போது ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு என் தோளைப் பிடித்தார்.

நேற்று ஒரு வரியோடு நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. பதினேழு வருடத்துக்கு முதல், வன்னிச் சண்டையின் கடைசிக் கட்டம், அதுவும் ஏப்ரல் 20. மாத்தளன் களப்பில் இடுப்பளவு தண்ணீர். மூன்று வயது யாழி என் தோளில், அப்பாவின் கை என் கையில். யோகநாதன் அப்போதே இத்தாலியில். சுற்றிவரச் சனம், பின்னால் சத்தம். பையைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி. "நீ பின்னால வா" என்று சொன்னது நான்தான். கரையில் ஏறித்தான் திரும்பிப் பார்த்தேன், அவள் இல்லை. ஈனியாஸைத் திட்டித் திட்டி மூன்று மாதம் போய்விட்டது. அவன் பாவம். அவனுக்கும் இரண்டு கைதான்.

மே 6

பாஸ்! பாஸ்! பாஸ்!

பட்டியலில் ஒன்பது பேர். நான் இரண்டாவது. ஃபெதெரிகா ஆறாவது, போனில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. யோகநாதன் உணவகத்தில் முன்பின் தெரியாத ஆட்களின் மேசைக்கெல்லாம் போய், "என்ர மனிசி வழிகாட்டி" என்று அரைகுறை இத்தாலியனில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "வன்னிக்காரி ரோமைப் பிடிச்சிட்டாள்" என்றார். யாழி பழைய மாதிரி வினாத்தாளை எடுத்து, திரும்பத் திரும்பப் பிழை போட்ட கேள்விக்குச் சிவப்புப் பேனையால் சரி போட்டாள்.

குகனுக்கு எடுத்தேன். முதலில் பாஸ் பண்ணினதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன்.

"தம்பி, இறந்தவ எண்ட கடதாசியில நான் கையெழுத்து வைக்கேல்லை. வைக்கவும் மாட்டன். அம்மாவைக் கந்தோருக்கு நீ தனியக் கொண்டு திரிய வேண்டாம். ஜூலையில வேலை மாறுது, ரெண்டு கிழமை வாறன். நான் கூட்டிக்கொண்டு போறன்."

"வாங்கோ, பெரியக்கா" என்றான். பின்னால் அம்மா என்னவாம், என்னவாம் என்று கேட்பது கேட்டது. அவன் சொன்னான். "அவள் எப்பவும் கெட்டிக்காரி" என்றா அம்மா. எந்த மகளைச் சொன்னா என்று நான் கேட்கவில்லை.

மே 24

இன்று முதல் நாள். கழுத்தில் அட்டை. ஜெர்மனியிலிருந்து ஒரு பஸ் நிறையத் தமிழ்ச்சனம் வந்தது, நாற்பது பேர். தமிழிலேயே சொன்னேன். ஓநாயும் கழுகும் வேலிச்சண்டையும் சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேசையைத் தின்ற கதைக்கு ஒருவர் கை தட்டினார். ஒவ்வொரு மரத்தடியிலும் எனக்காகக் காத்து நின்றார்கள், கடைசி ஆளோடு நான் வந்தேன்.

மேலே ஈனியாஸின் கதையைச் சொல்லி முடித்ததும், வெள்ளைச் சேலை உடுத்த ஓர் அம்மா முன்னுக்கு வந்தா. கையில் தண்ணீர்ப் போத்தல். "பிள்ளை, அந்தப் பெண்சாதி பேந்து கிடைச்சவவோ?"

"இல்லையம்மா. அவன் ஒரே ஒரு இரவுதான் தேடினவன். பிறகு கப்பல் ஏறிட்டான். அவன்ர வம்சம் உலகத்தை ஆண்டது."

"ஒரு இரவோ?" என்றா அம்மா. அந்தக் குரலில் இருந்த ஏளனத்தை எந்த ரோமச் சக்கரவர்த்தியும் தாங்கியிருக்க மாட்டான். "நாங்கள் பதினேழு வருஷமாத் தேடுறம்."

"ஆரம்மா உங்களுக்கு?"

"என்ர கடைசிப் பெடியன். செந்தூரன்."

சிரித்துக்கொண்டு நின்ற சனம் கிட்ட வந்தது. பின்னால் நின்ற ஒருவர், "என்ர அண்ணா, இளங்கீரன்" என்றார். ஒரு பெண், "எங்கட மச்சாள்" என்று தொடங்கிப் பெயரைச் சொன்னாள். பிறகு இன்னொருவர். ஒருவரும் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிடுவது போல, நிமிர்ந்து நின்று, சத்தமாகச் சொன்னார்கள். ரொமுலஸின் குன்றில் எங்கள் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. ஏதோ சண்டை என்று நினைத்து ஓடிவந்த காவலாளி, என் அட்டையைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

கடைசியில் நானும் சொன்னேன். பதினேழு வருடமாக வாய்விட்டுச் சொல்லாத பெயர். இந்தக் கொப்பியிலும் இதுவரை எழுதாத பெயர்.

"என்ர தங்கச்சி. வதனி."

அம்மா என் கையைப் பிடித்தா, இறங்கி முடியும்வரை விடவில்லை. எல்லோரையும் முன்னால் விட்டு நாங்கள் இரண்டு பேரும் கடைசியாக வந்தோம். பஸ்ஸடியில் எண்ணினேன். என்னோடு நாற்பத்தொரு பேர் குன்றில் ஏறினோம். நாற்பத்தொரு பேரும் இறங்கினோம்.